மலையகத்தின் தண்ணீர்த் தாங்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தோட்டங்களிலும் புகையிரத நிலையங்களிலும் சிறு நகரங்களிலும் உள்ள பழைய தண்ணீர்த் தாங்கிகளை அளந்து குறித்து வருபவன் என்ற முறையில், போகும் இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களையே கேட்டு வருகிறேன். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) மக்கள், பாடசாலைப் பிள்ளைகள், தோட்ட உத்தியோகத்தர்கள் ஆகியோர் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே தந்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

1. இது வெறும் தண்ணி டாங்கிதானே, இதுல வரலாறுன்னு சொல்ல என்ன இருக்கு?

ஒரு தோட்டத்தில் தண்ணீர் யாருக்கு முதலில் போனது, யாருக்குக் கடைசியில் போனது என்பதைத் தாங்கிகள் நிற்கும் இடத்தைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம். கோப்பிக் காலத்தில் பழத்தின் தோலை நீக்கவும் கொட்டையைக் கழுவவும் நிறையத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆகவே மலையில் வெட்டப்பட்ட வாய்க்கால்களும் கட்டப்பட்ட தொட்டிகளும் முதலில் பயிருக்காகவே அமைந்தன. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்ததும் மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. அதன் பின் இஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலைக்கும்) அங்கிருந்த இயந்திரங்களுக்கும் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. தொரையின் (தோட்ட நிர்வாகியின்) பங்களாவுக்குத் தனிக் குழாய் போனது.

லயத்துக்கு வந்ததோ பீலிதான், அதாவது ஊற்று நீர் விழும் திறந்த நீர்வாய். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் (அறைகள்) வரிசையாக நிற்க, அந்த வரிசை முழுவதற்கும் ஒரு கோடியில் ஒரு பீலி விழுந்தது. பீலிக்குத் தாங்கி தேவையில்லை. இரவும் பகலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இதனால் பல இடங்களில் லயத்தின் வயதைவிட லயத்துக்கான தாங்கியின் வயது மிகவும் குறைவாக இருப்பதைக் காணலாம். அந்த வயது இடைவெளியும் நம்முடைய வரலாற்றில் சேர்ந்ததுதான்.

2. யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கமெல்லாம் டாங்கி உயரமான தூண் மேல நிக்குது. நம்ம பக்கம் மட்டும் ஏன் தரையிலேயே உக்காந்திருக்கு?

குழாயில் தண்ணீர் வேகமாக வருவதற்குக் காரணம் தாங்கியின் பருமன் அல்ல, அதன் உயரம். குழாய் வாயிலிருந்து 10 மீற்றர் மேலே தண்ணீர் நின்றால், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அழுத்தம் கிடைக்கும். தாங்கியில் ஆயிரம் லீற்றர் இருந்தாலும் லட்சம் லீற்றர் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சமதரையில் அந்த உயரத்தைத் தூண் எழுப்பித்தான் பெற வேண்டும்; தண்ணீரைப் பம்பினால் ஏற்றவும் வேண்டும்.

மலையகத்தில் ஊற்று லயத்துக்கு மேலேயே இருக்கிறது. மேட்டைக் கொஞ்சம் சமப்படுத்தித் தொட்டியைக் கட்டிவிட்டால் மலையே தூணின் வேலையைச் செய்துவிடும், பம்பும் மின்சாரமும் தேவைப்படா. தூண் இல்லாததால் நம்முடைய தாங்கிகள் ஏதோ குறைந்தவை என்று நினைக்கத் தேவையில்லை. ஊற்று, அதற்கு மேலுள்ள காடு, குழாய் போகும் சரிவு, தாங்கி ஆகிய நான்கும் சேர்ந்ததே முழுக் கட்டுமானம். நாம் காணும் சீமெந்துத் தொட்டி அதன் ஒரு பகுதிதான்.

3. ஒரு டாங்கியில நாலஞ்சு பைப் நீட்டிக்கிட்டு இருக்கே, எது எதுக்கு?

மேலே நுழைவது ஊற்றிலிருந்து தண்ணீர் வரும் குழாய். அதற்குச் சற்றுக் கீழே இருப்பது வழிவுக் குழாய். தாங்கி நிறைந்ததும் மேலதிகத் தண்ணீர் இதன் வழியாக வெளியேறும். லயத்துக்குப் போகும் குழாய் அடித்தளத்தில் அல்லாமல் நாலைந்து அங்குலம் உயர்த்தியே பொருத்தப்படும், ஏனெனில் மண்டி அடியில் தங்க வேண்டும், குழாயில் இறங்கக் கூடாது. அடியோடு அடியாக இருப்பது கழுவுக் குழாய். அந்த மண்டியைத் திறந்துவிடுவதற்கானது. மூடியின் மேல் வளைந்து கீழ்நோக்கி நிற்பது காற்றுக் குழாய். அதன் வாயில் வலை இல்லையென்றால் பல்லியும் பூச்சியும் உள்ளே போய்விடும் என்பதால், ஒரு தாங்கியைப் பார்க்கப் போனால் நான் முதலில் கவனிப்பது அந்த வலையைத்தான்.

4. அப்படின்னா ஸ்டேசன்ல இருக்குற பழைய டாங்கி மட்டும் ஏன் கல் மேடை மேல ஏறி நிக்குது?

அது மனிதர் குடிப்பதற்காகக் கட்டியது அல்ல, நீராவி இயந்திரத்துக்காகக் கட்டியது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 இல் வந்த புகையிரதப் பாதை, 1874 இல் நாவலப்பிட்டியையும் 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் 1894 இல் பண்டாரவளையையும் அடைந்து, 1924 இல் பதுளையில் முடிந்தது. 44 அடி நகர்ந்தால் ஓரடி ஏறும் சரிவுகளைக் கடந்து, பட்டிப்பொலவுக்கு அருகில் ஏறக்குறைய 1,898 மீற்றர் உயரத்துக்கு அது ஏறுகிறது. அப்படி ஏறும் இயந்திரம் நீரை ஏராளமாகக் குடிக்கும். வழி நெடுகத் தண்ணீர் நிரப்பாமல் மேலே போக முடியாது.

நிலையத்தின் நிலம் தண்டவாளத்துக்காகச் சமப்படுத்தப்பட்டது. இரண்டாவது பதிலில் சொன்ன மலைச் சரிவு அங்கே கைகொடுக்காத இடங்களில் உயரத்தைக் கட்டித்தான் பெற வேண்டியிருந்தது. வண்டி சில நிமிடங்களே நிற்கும்; அதற்குள் ஆயிரக்கணக்கான கலன் இறங்க வேண்டும். அகலமான குழாயும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியைவிட உயர்ந்த மேடையும் அமைந்ததற்குக் காரணம் இதுவே. 1950களில் டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கிய பின் இந்தத் தாங்கிகளின் வேலை படிப்படியாக முடிந்தது.

5. அந்த இரும்பு டாங்கி சதுரம் சதுரமா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கே, ஒரே தகடா ஏன் செய்யல?

மலைக்கு முழுத் தாங்கியை ஏற்றிக் கொண்டுவர முடியாது என்பதே முக்கிய காரணம். சிறு சதுரத் தகடுகளாக வார்த்து, ஓரங்களில் விளிம்பு விட்டு, துளையிட்டு அனுப்பிவிட்டால், வந்த இடத்தில் முறுக்காணி போட்டுப் பூட்டிவிடலாம். வார்ப்பிரும்புத் தகடுகளின் இடைவெளியை இரும்புத் தூளும் நவச்சாரமும் கலந்த பசையால் அடைக்கும் முறை அக்காலத்தில் இருந்தது. அந்தப் பசை துருப்பிடித்து வீங்கி, இடைவெளியைத் தானே இறுக்கிக்கொள்ளும். எதிரெதிர்ச் சுவர்கள் பிளந்துவிடாமல் உள்ளே இரும்புக் கம்பிகள் குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்.

தகடுகளை எண்ணினாலே கொள்ளளவைக் கணக்கிடலாம். நாலடிச் சதுரத் தகடு நீளத்துக்கு ஐந்து, அகலத்துக்கு மூன்று, உயரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 20 × 12 × 4 என்று பெருக்கினால் 960 கன அடி வரும். ஒரு கன அடிக்கு 6.23 கலன் வீதம் ஏறக்குறைய 6,000 கலன். ஒரு கலன் தண்ணீர் 10 இறாத்தல் நிறையுடையது. ஆகவே மேடை தாங்குவது 60,000 இறாத்தல், அதாவது சுமார் 27 தொன். அந்தக் கல் மேடை ஏன் அவ்வளவு தடிப்பு என்பது இதிலிருந்து விளங்கும்.

6. எங்க லயத்துக்கு மேல இருக்குற டாங்கி எந்தக் காலத்துல கட்டினதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் சாந்தைப் பாருங்கள். கருங்கல்லுக்கு இடையே உள்ள சாந்து வெண்மையாக இருந்து, ஆணியால் கீறினால் மாவாக உதிர்ந்தால் அது சுண்ணாம்புச் சாந்து, பழைய கட்டு. சாம்பல் நிறமாக இருந்து ஆணி வழுக்கினால் சீமெந்து. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கும் வரை சீமெந்து கடல் கடந்தே வந்தது என்பதால், முழுவதும் கொங்கிரீட்டால் ஆன தோட்டத் தாங்கிகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவையாகவே இருக்கும் என்று நான் கருதுகிறேன்.

கொங்கிரீட் என்றால், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சுவரை ஓரமாக நின்று பாருங்கள். பழையவற்றில் பலகை அடித்த தடம் தெரியும். பலகைக்குப் பலகை ஒரு மெல்லிய வரம்பு, சில இடங்களில் மரத்தின் முடிச்சும் ரேகையும்கூட அப்படியே பதிந்திருக்கும். தகட்டு அச்சில் வார்த்த புதியவை வழவழப்பாக இருக்கும். இரும்பென்றால், அரைக்கோள வடிவ ஆணித்தலைகள் வரிசையாகத் தெரிந்தால் அது பற்றவைப்பு வேலை பரவலாவதற்கு முந்திய முறை. வால்விலோ தகட்டிலோ வார்ப்பெழுத்துகள் இருக்கின்றனவா என்றும் தடவிப் பாருங்கள். 1854 இல் கண்டியில் தொடங்கப்பட்ட வோக்கர் நிறுவனம் போன்றவை தோட்டங்களுக்கு இயந்திரங்களை வழங்கியவை. அப்படியொரு பெயர் கிடைத்தால் அது நல்ல தடயம்.

சுவரில் கீறியிருக்கும் ஆண்டை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஈரச் சாந்தில் ஆண்டைக் கீறும் வழக்கம் திருத்த வேலைக்கும் உண்டு. எழுத்து வெளிப்பூச்சில் இருந்து, பூச்சு விழுந்த இடத்தில் உள்ளே வேறு சாந்து தெரிந்தால், அந்த ஆண்டு பூசிய ஆண்டே ஒழியக் கட்டிய ஆண்டு அல்ல.

7. சில டாங்கி வட்டமா இருக்கு, சிலது சதுரமா இருக்கு. எது நல்லது?

தண்ணீர் சுவரை வெளியே தள்ளுகிறது. வட்டத் தாங்கியில் அந்தத் தள்ளல் எல்லாப் பக்கமும் சமமாகப் பிரிந்து, பீப்பாய்க்குப் போட்ட வளையம் போலச் சுவருக்குள் இழுவையாக மாறும். 4 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் ஆழமும் கொண்ட தாங்கியின் அடிப்பகுதியில் சதுர மீற்றருக்கு 3 தொன் அழுத்தம் இருக்கும். அங்கே சுவரின் ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 6 தொன் இழுவை வரும். இதை வளையக் கம்பிகள் தாங்கிக்கொள்ளும். சதுரத் தாங்கியில் சுவரின் நடுப்பகுதி வெளியே வளையப் பார்க்கும், மூலைகள் பிளக்கப் பார்க்கும். பழைய சதுரத் தொட்டிகளில் வெடிப்பு மூலையில் தொடங்குவது இதனால்தான்.

ஆனாலும் சதுரத் தொட்டிக்குப் பலகை அடிப்பது எளிது. சரிவை வெட்டிப் பாதி புதைத்துக் கட்டினால் மண்ணும் சுவருக்கு முட்டுக் கொடுக்கும். அப்படிப் புதைந்த தாங்கியை அடைமழைக் காலத்தில் முழுவதுமாகக் காலியாக்க வேண்டாம். உள்ளே எதிர்த்துத் தள்ளத் தண்ணீர் இல்லாதபோது, ஊறிய மண் சுவரை உள்நோக்கி நெருக்கும்.

8. இஸ்டோருக்கு மேல ஒரு பெரிய பழைய தொட்டி இருக்கு. அது குடிதண்ணிக்குக் கட்டினதா?

பெரும்பாலும் இல்லை. தேயிலை அரைக்கும் உருளைகளை ஓட்டுவதற்கு முன்னர் நீர்ச்சக்கரமும் பின்னர் பெல்டன் வகைச் சுழலியும் (நீர் டர்பைன்) பல தோட்டங்களில் இருந்தன. குறைந்த நீர் அதிக உயரத்திலிருந்து விழும் மலைக்கு பெல்டன் சுழலி மிகவும் ஏற்றது. அதற்கு நீரைத் தேக்கி ஒரே சீராக இறக்கிவிடும் தொட்டியாக அது இருந்திருக்கலாம். அகலமாகவும் ஆழம் குறைவாகவும் மேலே திறந்தும் இருத்தல், வாயில் சருகைத் தடுக்கும் இரும்புக் கம்பிச் சட்டம், அங்கிருந்து இஸ்டோரை நோக்கி நேராக இறங்கும் தடித்த இரும்புக் குழாய், அந்தக் குழாயை இடையிடையே பிடித்திருக்கும் கற்கட்டுகள் ஆகியவை அதன் அடையாளங்கள்.

இத்தகைய தொட்டியிலிருந்து பின்னாளில் லயத்துக்குக் குழாய் எடுத்திருந்தால், மூடி போடாமல் அந்த நீரைக் குடிக்கப் பயன்படுத்துவது சரியல்ல. அது இயந்திரத்துக்கென்று கட்டிய தொட்டி என்பதை மறக்கக் கூடாது.

9. ஊத்துல இருந்து வர்ற வழியில, நடு மலையில ஒரு சின்னத் தொட்டி இருக்கு. அதை எடுத்துட்டு நேரா பைப் போட்டா தண்ணி இன்னும் வேகமா வருமே?

வேகமாக வரும், குழாயும் வெடிக்கும். இந்தக் கேள்வியைத்தான் நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது பதிலின் கணக்கையே இங்கும் போட்டுப் பாருங்கள். ஊற்று லயத்துக்கு 150 மீற்றர் மேலே இருந்தால், அடியில் சதுர சென்ரிமீற்றருக்கு 15 கிலோகிராம் அழுத்தம் நிற்கும். பிவிசி குழாயின் மேல் 600 என்றோ 1000 என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிலோபஸ்கால் அளவு. 600 என்ற குழாய் ஏறக்குறைய 60 மீற்றர் உயரத்துக்கும், 1000 என்ற குழாய் 100 மீற்றர் உயரத்துக்கும் தாங்கும்.

நடுவில் உள்ள சின்னத் தொட்டியில் தண்ணீர் காற்றைத் தொட்டதும் அதுவரை சேர்ந்த அழுத்தம் முழுவதும் தீர்ந்து, அங்கிருந்து கணக்கு மறுபடியும் சுழியத்தில் தொடங்கும். கொள்ளளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது அழுத்தத்தைத் தணிப்பதற்காக மட்டும் கட்டியது. ஊரெல்லாம் குழாயை மூடிவிட்டுப் படுத்த பின்னரே அழுத்தம் உச்சத்துக்கு ஏறும். குழாய்கள் பெரும்பாலும் நடுராத்திரியில் வெடிப்பதற்கு இதுவே காரணம்.

10. டாங்கி நெறைய தண்ணி இருக்கு, ஆனா மேல் லயத்துக்கு மட்டும் வர மாட்டேங்குது. ஏன்?

கீழ் லயத்தில் குழாய்கள் திறந்திருக்கும் வரை தண்ணீர் கீழேதான் ஓடும். மேல் லயத்துக்கும் தாங்கிக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் குறைவு. அல்லது குழாய் வழியில் ஒரு மேட்டில் ஏறி இறங்குவதால் அங்கே காற்று அடைத்திருக்கும். முதலாவதற்கு நேரம் பிரித்து வால்வைத் திறப்பதும் இரண்டாவதற்கு மேட்டின் உச்சியில் காற்றுப் போக்கி ஒன்றைப் பொருத்துவதும் பரிகாரம்.

11. டாங்கிக்குள்ள சுவரைத் தொட்டா மணல் மணலா உதிருது. சீமெந்துல கலப்படமா?

அப்படி முடிவுக்கு வந்து கட்டியவரைக் குறை சொல்ல வேண்டாம். மலை ஊற்றுத் தண்ணீர் மிகவும் மென்மையானது. அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, புளிப்புத் தன்மை சற்று உண்டு. அது சீமெந்தில் உள்ள சுண்ணாம்பை ஆண்டுக்கணக்கில் கரைத்து எடுத்துக்கொள்வதால், நீர்மட்டத்துக்குக் கீழே மணலும் சல்லியும் துருத்திக்கொண்டு நிற்கும். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பூச்சு வழவழப்பாகவே இருந்தால் காரணம் தண்ணீர்தான் என்று தெளியலாம். உட்சுவரைச் சுரண்டிக் கழுவி, அடர்த்தியான கலவையால் மறுபூச்சுப் போடலாம். கம்பி வெளியே தெரிந்து துருப்பிடித்திருந்தால் பூச்சு மட்டும் போதாது, பொறியியலாளரைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

12. டாங்கி கசிஞ்சா மண்சரிவு வருமா? எங்களுக்கு அந்தப் பயம்தான்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு புதைந்த பின் இந்தப் பயம் நியாயமானது. அங்கே மலையை ஊறவைத்தது தொடர்மழை, தாங்கியல்ல. ஆனாலும் ஏற்கெனவே ஊறியிருக்கும் சரிவில் இரவும் பகலும் நீர் சேர்வது அதன் பலத்தை மேலும் குறைக்கும். மூன்றாவது பதிலில் சொன்ன வழிவுக் குழாய் வெறும் மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தால் அதுவும் கசிவுதான். அந்த நீரைக் கல் அல்லது சீமெந்து பதித்த கான் வழியாக ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவில் வரும் குழாயையும் போகும் குழாயையும் மூடி, நீர்மட்டத்தில் சுவரில் கோடு போட்டு, விடியற்காலையில் பாருங்கள். ஏழாவது பதிலில் சொன்ன 4 மீற்றர் விட்டமுள்ள தாங்கியில் மட்டம் ஒரு சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் ஏறக்குறைய 125 லீற்றர் மண்ணுக்குள் போயிருக்கிறது என்று பொருள். சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று தோன்றிய ஊற்று, கலங்கிய நீர் ஆகியவற்றைக் கண்டால் தாங்கியை விட்டுவிட்டு முதலில் மக்களை அப்புறப்படுத்துங்கள். பிறகு கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

13. பழசை உடைச்சிட்டு பிளாஸ்டிக் டாங்கி வச்சா வேலை லேசு இல்லையா?

ஒரு வீட்டுக்கு என்றால் பிளாஸ்டிக் தாங்கி நல்லதுதான். ஒரு லயத் தொகுதிக்கு என்றால் கணக்கைப் பாருங்கள். 4 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் ஆழமும் உள்ள பழைய தாங்கி ஏறக்குறைய 37,700 லீற்றர் கொள்ளும். அதற்கு ஈடாக ஆயிரம் லீற்றர் தாங்கிகள் 38 வேண்டும். அவற்றை வைக்கச் சமதரையும் வேண்டும். வெடிப்பை அடைத்து மறுபூச்சுப் போடும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்காமல் உடைக்கும் முடிவுக்கு வருவதை நான் எதிர்க்கிறேன்.

பம்பும் ஊற்றும் இல்லாத மேட்டுக் குடியிருப்புகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் பதுளை மாவட்டத்தில் மழைநீருக்காகப் பூசணி வடிவத் தாங்கிகள் கட்டப்பட்டன. கம்பி வலையின் மேல் மெல்லிய சீமெந்துச் சாந்து பூசிய 5,000 லீற்றர்த் தாங்கிகள் அவை. ஏழாவது பதிலில் சொன்ன வட்டத்தின் பலத்தை எல்லாத் திசையிலும் பயன்படுத்துவதால், அவ்வளவு மெல்லிய சுவரே போதுமாகிறது.

14. இந்த டாங்கி உண்மையில யாருக்குச் சொந்தம்? கம்பனிக்கா, சபைக்கா, நமக்கா?

1970களின் காணிச் சீர்திருத்தத்தோடு பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. எனவே தோட்டக் காணியில் நிற்கும் பழைய தாங்கி பொதுவாக அரசின் சொத்து. பராமரிப்புக் கம்பனியின் கையில். 1975 இல் இயங்கத் தொடங்கிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நகரத் திட்டங்களையே பெரும்பாலும் கவனிக்கிறது. மக்கள் சங்கங்கள் நடத்தும் திட்டங்களுக்கென 2014 இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் அமைக்கப்பட்டது.

பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்ய முடியாது என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குத் தடையாக இருந்தது உண்மைதான். அது 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. தாங்கியைத் திருத்தித் தரும்படி பிரதேச சபையிடம் கேட்பதற்கு இப்போது வழி இருக்கிறது.

15. முன்ன மாதிரி ஊத்துல தண்ணி வரல. டாங்கியைப் பெருசாக் கட்டினா சரியாகுமா?

சரியாகாது. தாங்கி இரவில் வருவதைப் பகலுக்குச் சேர்த்து வைக்கும்; வராததை வரவழைக்காது. இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளராக இருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை அழிக்கக் கூடாது என்று 1873 இல் பரிந்துரைத்தார். அந்த வரம்புக்கு மேல் எஞ்சிய காடுகளே இன்றும் பல ஊற்றுகளுக்கு உயிர் கொடுக்கின்றன. அந்த உயரத்துக்குக் கீழே ஊற்றைச் சுற்றியிருந்த சிறு சோலைகள் தேயிலைக்காக வெட்டப்பட்ட இடங்களில் நீர் குறைந்திருப்பதில் வியப்பில்லை. ஊற்றுக் கண்ணைச் சுற்றி வேலியிட்டு, நாட்டு மரங்களை நட்டு, அதற்கு மேலே உரமும் களைகொல்லியும் போடாமல் பார்த்துக்கொள்வதற்கே முதலில் பணத்தைச் செலவிட வேண்டும்.

16. நூறு வருசத்துக்கு மேல ஆன டாங்கின்னா தொல்பொருள்னு அரசாங்கம் பாதுகாக்குமா?

தானாகப் பாதுகாக்காது. தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. தோட்டத் தாங்கிகளும் புகையிரதத் தாங்கிகளும் அதற்குப் பிந்தியவை. பிந்திய கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டுமென்றால் அதனை வர்த்தமானியில் தனியாகப் பிரகடனப்படுத்த வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க விரும்புபவரிடம் முதலில் இருக்க வேண்டியது நல்ல பதிவு.

பெயின்ட் அடிப்பதற்கு முன் வார்ப்பெழுத்துகளைப் படம் எடுங்கள். சுண்ணக்கட்டியால் தேய்த்தால் மங்கிய எழுத்தும் தெளியும். உள்விட்டம், ஆழம், சுவர்த் தடிப்பு, தகடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறியுங்கள். எந்த ஊற்றிலிருந்து வருகிறது, எந்த லயங்களுக்குப் போகிறது என்று குழாய்ப் பாதையைக் கோட்டுப் படமாக வரையுங்கள். வால்வு திறக்கும் வேலையை முன்பு பார்த்த முதியவர் ஊரில் இருந்தால் அவரை மலைக்கு அழைத்துப் போய்ச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் புதைந்த பழைய குழாய் எங்கே திரும்புகிறது என்பது பல தோட்டங்களில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.